நாலு மணியிலிருந்து ஐந்து இருபது வரை

கெல்லர்டன் விமானத் தளத்தை இழுத்து மூடுவதற்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. வெர்னா ரிஸ்ஸி எழுதி முடிக்க வேண்டிய தளச் சரித்திரத்தில் பாக்கி ஒரே ஒரு பக்கம். பணியில் இறந்தவர்களின் பட்டியல். பதினொரு பெயர்கள். கீழே அவள் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடியைச் சுருட்டி உறையில் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அந்தத் தாள் மேசைமேல் கிடக்கிறது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாளே தவிர, கையெழுத்து விழுந்தபாடில்லை.

பன்னிரண்டாவதாக ஒரு பெயர் உண்டு. அது பட்டியலில் இல்லாமல் போனதற்குக் காரணம் அவள்தான்.

முந்தின எண்பது பக்கங்களையும் மளமளவென்று எழுதிவிட்டாள். கெல்லர்டன் ரிசர்வ் பிரிவு பிறந்தது ஐம்பத்திரண்டில். ஒஹையோவின் எஃகு ஆலைக்காரர்களும் பால்காரர்களும் பள்ளி வாத்தியார்களும் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு சீருடை மாட்டிக்கொண்டு வந்து, நிரந்தரப் படை ஓட்டித் தேய்த்த விமானங்களை வாங்கி ஓட்டினார்கள். அண்ணன் போட்டுக் கிழித்த சட்டை தம்பிக்கு வருகிற கதைதான். பல் பிடுங்குகிற டாக்டர் விமானி. பக்கத்தில் வரைபடம் பார்க்கிறவர் ஊரில் சவ அடக்கம் செய்கிறவர். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இதை வைத்து யாராவது ஒரு கேலி செய்யாமல் இருக்கமாட்டார்கள். அந்த விமானங்களுக்குத் துப்பாக்கி கிடையாது, குண்டு கிடையாது, பெரிய வயிறு மட்டும் உண்டு. ஐம்பத்தேழு பனிப்புயலில் பட்டினி கிடந்த மாடுகளுக்கு வைக்கோல் கட்டுகளை வானத்திலிருந்து உதைத்துத் தள்ளினார்கள். வியட்நாமுக்குப் பையன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களில் சிலரைப் பெட்டியில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பூகம்பம் வந்த ஊருக்குப் போர்வை, வெள்ளம் வந்த ஊருக்குக் குடிதண்ணீர், பால்கன் மலைகளில் முற்றுகைக்குள் கிடந்த ஜனங்களுக்கு மாவு மூட்டை. சண்டை போடுகிறவனுக்கு மெடல், சுமக்கிறவனுக்கு முதுகுவலி என்று வெர்னா ஓரிடத்தில் எழுதிவிட்டு, கர்னல் முகம் சுளிப்பாரே என்று அடித்துவிட்டாள்.

ஆனால் எண்பது பக்கம் எழுதின கைக்கு இந்த ஒரு பக்கம் ஓடவில்லை. டுவேன் யுர்கோ வந்து குறுக்கே நின்றான்.

டுவேன் வாரத்தில் ஐந்து நாள் பேக்கரி வண்டி ஓட்டினான். மாதத்தில் இரண்டு நாள் விமானத்தின் வயிற்றில் சரக்கு அடுக்குகிற சார்ஜென்ட். எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும், எடை எந்தப் பக்கம் கூடினால் விமானம் மூக்கைத் தூக்கும் என்பதெல்லாம் அவன் விரல் நுனியில். "ரொட்டிய நசுக்காம அடுக்கத் தெரிஞ்சவனுக்கு ஜீப்ப அடுக்கறது ஒரு வேலையா?" என்பான். ஆபீஸ் அறையில் வருகைத்தாளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வெர்னாவுக்கு அவன் வைத்த பெயர் பேனா ராணி. நல்லவன். ஒரே ஒரு குறை, ஞாயிறு நாலு மணிக்கு டூட்டி முடிந்தாலும் ஏழு மணிவரை விமானக் கொட்டகையில் நின்று கதையளப்பான். வீட்டில் மனைவி நடீன் சாப்பாட்டைச் சூடுபண்ணிச் சூடுபண்ணி அலுத்துப்போவாள்.

அந்த வருகைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு கட்டம்: வந்த நேரம், போன நேரம். ஞாயிறு சாயங்காலம் இருநூறு பேர் ஒரே மேசையில் கையெழுத்துப் போட முண்டியடிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் பனியில் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வீடு போய்ச் சேர வேண்டியவர்கள். மறுநாள் காலை ஆலைக்கோ கடைக்கோ போக வேண்டியவர்கள். வெர்னாவுக்குப் பாவமாக இருந்தது. ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு காலையிலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்: வந்தது ஏழரை, போனது நாலு. விதியில் இதற்கு இடமில்லைதான். ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த உபகாரத்துக்காக அவளை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

தொண்ணூற்று நாலு, பிப்ரவரி முதல் ஞாயிறு. டுவேனின் மகள் கொரினுக்கு அன்று ஏழாவது பிறந்தநாள். காலையில் இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டு, "இன்னிக்கு நாலுன்னா நாலுதான், ராணி. வீட்ல கெடு வச்சுட்டா," என்று சிரித்துவிட்டுப் போனான்.

பால்கனில் இரண்டு மாதம் மாவு மூட்டை போட்டுவிட்டுத் திரும்பும் விமானம் மூன்று மணிக்கு வர வேண்டியது. பனிமழையில் தாமதமாகி, நாலரைக்கு இறங்கும் என்று செய்தி வந்தது. சரக்கு இறக்க வேண்டியவர்களை வெர்னா தேடினால் ஒருவரும் இல்லை. தாளில்தான் நாலு மணி என்று எழுதியாகிவிட்டதே, மூன்றரைக்குப் போனால் என்ன, மூன்றே முக்காலுக்குப் போனால் என்ன? நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு டுவேன் அந்த வழியாகப் போனான். வெர்னா கூப்பிட்டாள்.

"டுவேன், ஒரு மணி நேரம் நில்லேன். அந்தப் பசங்க ரெண்டு மாசம் கழிச்சு வீடு வர்றாங்க. பெண்டாட்டி புள்ளைங்க எல்லாம் வந்து காத்துக்கிட்டு நிக்குது. அவங்களையே சரக்கு இறக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"ஐயோ ராணி, இன்னிக்குத்தானா?" சாவியைப் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே குளிரில் குழந்தைகளோடு நின்றிருந்த பெண்களைப் பார்த்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடு என்று அவளிடம் சொன்னான். வெளி லைன் அந்த ஓர் அறையில்தான் இருந்தது.

வெர்னா போன் செய்யவில்லை. கோபமோ அலட்சியமோ கிடையாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது, வானிலைக்காரர் ஒருமுறை கூப்பிட்டார், நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. இதோ, இதோ என்று தள்ளினாள். அப்புறம் விமானம் இறங்கிவிட்டது. இனிமேல் என்ன, அரை மணியில் அவனே போய்விடுவான் என்று விட்டுவிட்டாள்.

ஐந்து இருபதுக்குச் சரக்கு மேடை வண்டி உறைபனியில் சறுக்கி, டுவேனை விமானத்தின் பின்கதவோடு வைத்து நசுக்கியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

மூன்றாம் நாள் விசாரணைக்கு வெளியூர் அதிகாரி ஒருவர் வந்தார். உள்ளே போவதற்கு முன் தலைமை சார்ஜென்ட் கோர்ஸச் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு வெர்னா. அந்தத் தாள் பொய்யின்னு ஆச்சுன்னா இருநூறு பேரும் பொய்க் கையெழுத்துப் போட்டவங்க ஆயிடுவோம். இந்தத் தளத்தையே இழுத்து மூடிடுவாங்க." அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டினார். இது யுர்கோவின் கையெழுத்தா? ஆமாம். நேரத்தை அவரே எழுதினாரா? ஆமாம். எப்போது எழுதினார் என்று அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவுமில்லை. பணி முடிந்து ஒரு மணி இருபது நிமிஷம் கழித்து, அனுமதியில்லாமல் ஓடுதளத்தில் நின்றவர் என்று டுவேனின் கதையை மூன்று வரியில் முடித்தார்கள். படை மரியாதை கிடையாது. பணியில் இறந்தவர்களுக்கென்று தளத்தில் இருந்த நினைவுக்கல்லில் பெயர் ஏறவில்லை.

இதோடு போயிருந்தால்கூட வெர்னா எப்படியோ தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பாள். அடக்கம் முடிந்த மறு வாரம் நடீன் ஆபீஸ் அறைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கான். வீடு பத்து நிமிஷம். அஞ்சு இருபது வரைக்கும் எங்க இருந்தான் வெர்னா?"

"எனக்குத் தெரியாது நடீன்," என்றாள் வெர்னா.

விசாரணையில் சொன்னது பாதி உண்மை. இது முழுப் பொய். இருபது வருஷம் அவள் வயிற்றில் கிடந்து அறுத்தது இந்த மூன்று வார்த்தைதான்.

சனிக்கிழமை காலை லானி பாவ்லிக் சரித்திர அறைக்குள் காப்பியோடு வந்தான். டுவேன் இறந்த அன்று பால்கனிலிருந்து வந்த விமானத்தில் இருந்தவன். இப்போது தொந்தியும் வழுக்கையுமாக, அவனுக்கும் நாளையோடு கடைசி. மேசைமேல் பழைய வருகைத்தாள் விரித்துக் கிடப்பதைப் பார்த்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"இத இன்னுமா வச்சிருக்க?"

"சரித்திரக்காரி எதையும் கிழிச்சுப் போடக்கூடாதுன்னு சட்டம்."

"விடு வெர்னா. கோர்ஸச் செத்துப் பத்து வருஷம் ஆச்சு. தளமே நாளைக்கு இல்ல. இப்பப் போய் வாயத் திறந்து, உன் பென்ஷன்ல கைவச்சாங்கன்னா என்ன பண்ணுவ? தெருவுல நின்னு பேனா விப்பியா?"

"விக்கறேன். உனக்கென்ன?"

"நடீனே மறந்துட்டிருப்பா."

"மறந்துட்டாளா? டுவேன் கல்லறைக்கு எப்பவாவது போயிருக்கியா?" வெர்னாவின் குரல் உயர்ந்தது. "இந்த ஊர்ல புருஷன் செத்தா பெண்டாட்டி பேரையும் பக்கத்துல வெட்டி, தேதிய மட்டும் காலியா விடுவாங்க. அவன் கல்லுல அவன் பேரு மட்டும்தான். பக்கத்துல இடமே இல்ல. ஒத்தக் குழி வாங்கியிருக்கா. நம்மள விட்டுட்டு எங்கயோ நின்னவன்தானேன்னு இருக்கா அவ. நான் தலைமுடி வெட்டிக்க இருபது வருஷமா நாப்பது மைல் போறேன் லானி. ஏன்னா இந்த ஊர்ல முடி வெட்டறவ அவ ஒருத்திதான்."

லானி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நான் அப்ப என் பொண்ணத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன்," என்றான். "டுவேன் என்னப் பாத்து, 'போடா, வீட்டுக்குப் போடா, இத நான் பாத்துக்கறேன்'னான். நான் போனேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "போறதா இருந்தா இன்னிக்கே போ. நாளைக்குன்னு வச்சா நீ போகமாட்ட."

நடீனின் முடிவெட்டும் கடை அவள் வீட்டு நிலவறையில்தான் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி. மத்தியானம் மூன்று மணிக்கு வெர்னா படியிறங்கியபோது நடீன் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

"வா. உக்காரு. யார்கிட்டப் போய் வெட்டிக்கறியோ, அவ உன்ன நல்லா ஏமாத்தறா. இடது பக்கம் ஒரு அங்குலம் கூட."

வெர்னா பேச வந்ததைச் சொல்வதற்குள் கழுத்தில் துணி சுற்றியாகிவிட்டது. நடீன் பின்னால் நின்று வெட்டத் தொடங்கினாள். ஒருவிதத்தில் அது நல்லதாகப் போயிற்று. நேருக்கு நேர் பார்க்க வேண்டாம். கண்ணாடியில் பார்த்தால் போதும். பாதித் தலை ஆனபோது வெர்னா துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து, கைப்பையிலிருந்த தாளை நீட்டினாள்.

நடீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்.

"இருநூறு பேரும் ஒரே நிமிஷத்துலயா கிளம்பினீங்க?"

"காலைல ஏழரைக்கு எழுதினது, நடீன். ரெண்டு கட்டத்தையும் காலைலயே எழுதிடுவோம். கூட்டம் ஆகுதுன்னு நான்தான் அப்படிப் பழக்கினேன்."

"அப்ப நாலு மணிக்கு அவன் கிளம்பல."

"கிளம்பினான். சாவி கையில இருந்துச்சு. நான் நிறுத்தினேன். சரக்கு இறக்க ஆள் இல்ல, ஒரு மணி நேரம் நில்லுன்னேன். நின்னான். அங்கயேதான் இருந்தான். மொத்த நேரமும் வேலைதான் பாத்தான். நீ வந்து கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன். எனக்குத் தெரியும்."

இவ்வளவுதான் சொல்வது என்று வெர்னா வழி முழுக்கத் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தாள். தாளைப் பற்றிச் சொல்லலாம், நிறுத்தி வைத்ததைச் சொல்லலாம். போன் விஷயம் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நடீன் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஒரு போன் பண்ணணும்னுகூடத் தோணலியா அவனுக்கு? அன்னிக்குக் காலைல அவ்வளவு சண்டை போட்டோம். 'நாலு மணிக்கு வரலன்னா வரவே வேணாம்'னு சொல்லித்தான் அனுப்பினேன். நான் அவன்கிட்டக் கடைசியாச் சொன்னது அதான். அதுக்கப்புறமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தோணலியா?"

லைன் பிஸியாக இருந்தது என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான பொய். சொன்னால் டுவேனும் நல்லவன், வெர்னாவும் நல்லவள். வெர்னா கண்ணாடியில் நடீனின் கையைப் பார்த்தாள். கத்தரிக்கோலை விடாமலே அது தாளை இன்னும் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தது.

"சொன்னான். உனக்குப் போன் போடச் சொன்னான். நான் போடல."

"லைன் கிடைக்கலியா?"

"நான் போனையே எடுக்கல."

நடீன் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"என்ன சொல்லச் சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாத. ஒரு வார்த்தை குறைக்காத."

வெர்னாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "'நடீனுக்கு ஒரு போன் போடு. ஒரு மணி நேரம் ஆகும், கண்டிப்பா வந்துடுவேன்னு சொல்லு. கேக்க வெட்டிட வேணாம், மெழுகுவத்திய நான்தான் கொளுத்துவேன்'னான். கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, 'கோவமா இருப்பா, நீ கொஞ்சம் சிரிச்சாப்ல சொல்லு'ன்னான்."

நடீன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"அஞ்சு மணிக்கு வெட்டிட்டேன்," என்றாள். "போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அஞ்சு அடிச்சதும், 'உங்கப்பா வரமாட்டார்டி, நம்மள விட அவருக்கு அந்த விமானம்தான் பெருசு'ன்னு சொல்லிட்டு வெட்டினேன். ஏழு வயசுக் குழந்தை. கேக்கச் சாப்பிடாம தட்டையே பாத்துக்கிட்டிருந்தா. அதுதான் அவளுக்கு அப்பாவப் பத்தி ஞாபகம். இருபது வருஷமா ஒரு பிறந்தநாளும் கொண்டாடினதில்ல அவ."

"நடீன், என்ன மன்னிச்சு..."

"அதக் கேக்காத. அது எங்கிட்ட இல்ல."

"நாளைக்குக் கர்னல்கிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுக்கறேன். பேர கல்லுல ஏத்தச் சொல்லி..."

"குடு. குடுக்காமப் போ. உன் இஷ்டம்."

வெர்னா துணியை அவிழ்க்கப் போனாள். நடீன் எழுந்து அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "உக்காரு. பாதி வெட்டின தலையோட என் கடைலேர்ந்து யாரும் போனதில்ல." மீதிப் பாதியையும் வெட்டி முடித்தாள். இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்த தாளை அவள் கையில் திருப்பிக் கொடுத்து, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள். வெர்னா படியேறி வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை கர்னல் அவள் எழுதிக் கொடுத்ததை நின்றபடியே படித்தார். நாற்பது வயதுப் பெண். அந்த விபத்து நடந்தபோது கல்லூரியில் இருந்திருப்பார். முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"இது மேல போகும். முடிவாக ஒரு வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். கல்லு நாளைக்கே மியூசியத்துக்குப் போகுது, பதினோரு பேரோடதான் போகும். உங்க ரிட்டையர்மென்ட்டுக்கு இதனால என்ன வரும்னு தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

"இருபது வருஷம் கழிச்சு," என்றார் கர்னல். அந்த மூன்று சொல்லே வெர்னாவுக்கு அறை விழுந்தது போலிருந்தது. பட்டியலில் பதினொன்றுக்குக் கீழே பேனாவால் பன்னிரண்டு, டுவேன் யுர்கோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கர்னல் அதைத் தடுக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கடைசி விமானம் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு தளத்துக்குப் போயிற்று. கொடியைச் சுருட்டினார்கள். லானி குழந்தை மாதிரி அழுதான். கிழவர்கள் பழைய சீருடையில் தொந்தியை எக்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் நடீன் நின்றிருப்பதை வெர்னா அப்போதுதான் பார்த்தாள். பக்கத்தில் உயரமாக ஓர் இளம்பெண். தோளைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நிற்கிற அந்த நிற்பு டுவேனுடையது. கொரின் எந்த ஊரிலிருந்தோ ராத்திரியெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு எல்லோரும் கலைந்தார்கள். சாவிக்கொத்து வெர்னாவிடம். கதவு கதவாகப் பூட்டிக்கொண்டு ஓடுதளத்துப் பக்கம் வந்தால், வெறும் கான்கிரீட்டில் தாயும் மகளும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். வாசல் காவலாளி வந்து தலையைச் சொறிந்தான்.

"மேடம், நாலு மணிக்குப் பூட்டணும்னு உத்தரவு. அவங்களப் போகச் சொல்லட்டா?"

"நீ வீட்டுக்குப் போப்பா. நான் பாத்துக்கறேன்," என்றாள் வெர்னா.

எதற்காக நிற்கிறார்கள் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. விமானம் நிற்கிற இடத்தைப் பார்க்க வந்திருப்பார்கள், பார்த்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தாள். நாலரை ஆயிற்று. நடீன் அசையவில்லை. நாலே முக்காலுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது வெர்னாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஐந்து இருபது வரை நிற்கப் போகிறார்கள். பக்கத்தில் போக அவளுக்குத் தைரியம் இல்லை, உள்ளே போய் உட்காரவும் மனம் வரவில்லை. கதவருகிலேயே நின்றாள். செப்டம்பர் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கொரின் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நடீன் ஒரு தடவைகூட உட்காரவில்லை. அவ்வப்போது மகளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். ஒருமுறை கொரின் முகத்தை மூடிக்கொண்டதும், நடீன் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்ததும் தூரத்திலிருந்து தெரிந்தது.

எண்பது நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று வெர்னா அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள்.

கடைசியில் இருவரும் நடந்து வந்தார்கள். கொரின் அவளைப் பார்க்காமல் கடந்து போய்க் கார் பக்கம் நின்றாள். நடீன் எதிரில் வந்து நின்றாள்.

"மணி என்ன?"

"அஞ்சு இருபது."

"அந்தத் தாள் எங்க?"

வெர்னா கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். சுவரில் வைத்து, டுவேனின் கையெழுத்துக்கு எதிரே இருந்த நாலு மணியைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தாள். மேலே ஐந்து இருபது என்று எழுதி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டாள். நடீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கார் பக்கம் நடந்தாள்.

"ஏறும்மா," என்று மகளிடம் சொல்வது வெர்னாவுக்குக் கேட்டது. "அப்பாவுக்கு டூட்டி முடிஞ்சுது. வீட்டுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்தலாம்."